பாகு பூத்த நிக்கல்: வாசகர் கேள்வி, பட்டறை பதில்

போன இதழில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பிளேட்டிங் தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்ற முப்பத்தோரு வருஷத்தைப் பற்றி எழுதினேன். அதில் போகிற போக்கில் ஒரு வரி: "கெமிக்கல் நிக்கல் என்று நாம் சொல்வது வெறும் நிக்கல் இல்லை, அதில் பத்தில் ஒரு பங்குக்குப் பாஸ்பரஸ் இருக்கும், சூடு காட்டினால் பாஸ்பைடாகப் பிரியும்." முதலாளி, மேஸ்திரி, ஷிப்ட் சண்டை என்று நான் உருகி உருகி எழுதியதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த ஒரு வரிக்குத்தான் கடிதம் குவிந்திருக்கிறது. சரி, இந்த மாதம் பாஸ்பைடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்பைடு வேறு, பாஸ்பேட் வேறு. பாஸ்பரஸ் நேராக ஓர் உலோகத்தோடு சேர்ந்தால் பாஸ்பைடு. கூட ஆக்சிஜனும் சேர்ந்துகொண்டால் பாஸ்பேட். உர மூட்டையிலும் நம் எலும்பிலும் இருப்பது அது. "பாஸ்பைடு உரம் எங்கே கிடைக்கும்" என்று கேட்ட மூன்று பேருக்கும் இதுவே பதில்.

ஐயா, நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கெமிக்கல் நிக்கல் போட்ட ஜாபை ஓவனில் வைத்து எடுத்தால் இன்னும் கெட்டியாகும் என்று பிளேட்டிங் கடையில் தனியாகக் காசு கேட்கிறார்கள். நிஜமா, ஏமாற்றா?
– காட்பாடி வாசகர்

நிஜம்தான். ஆனால் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சாதாரண நிக்கல் பிளேட்டிங்குக்கு மின்சாரம் வேண்டும். கெமிக்கல் நிக்கலுக்கு வேண்டாம். தொட்டியில் நிக்கல் சல்பேட்டும், பாஸ்பரஸ் உள்ள சோடியம் ஹைப்போபாஸ்பைட்டு என்ற உப்பும் கரைந்திருக்கும். பி.எச். 4.8-க்குப் பக்கம், சூடு 88, 90 டிகிரி. ஜாபை இறக்கிய ஒரு நிமிஷத்தில் அதன் மேலெல்லாம் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். அது ஹைட்ரஜன். குமிழி வந்துவிட்டதென்றால் நிக்கல் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான் புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: மீட்டரைப் பார்க்காதே, குமிழியைப் பார். மணிக்குப் பதினைந்து மைக்ரான் ஏறினால் பாத், அதாவது தொட்டிக் கரைசல், நன்றாக இருக்கிறது.

நிக்கலைத் தள்ளிவிடுகிற ஹைப்போபாஸ்பைட்டு சும்மா போகாது. தன்னிடமிருக்கும் பாஸ்பரஸில் கொஞ்சத்தையும் பூச்சுக்குள் விட்டுவிட்டுத்தான் போகும். பாத்தைப் பொறுத்து அது 2 சதவீதமும் இருக்கலாம், 12 சதவீதமும் இருக்கலாம்.

ஹைப்போபாஸ்பைட்டால் நிக்கல் படியும் என்பதை 1844-லேயே வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்துவிட்டார். அதைத் தொழிலாக்க நூறு வருஷம் ஆனது. அமெரிக்காவில் ஆப்னர் பிரென்னர், கிரேஸ் ரிடெல் என்ற இருவர் குழாய்க்குள் மின்சாரம் வைத்துப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். கரைசல் கெடாமல் இருக்கட்டும் என்று ஹைப்போபாஸ்பைட்டைச் சேர்த்தார்கள். எடை போட்டுப் பார்த்தால், கொடுத்த மின்சாரத்துக்கு ஏறவேண்டியதைவிட அதிகமாக நிக்கல் ஏறியிருந்தது. நூறு ரூபாய் போட்ட உண்டியலில் நூற்றுச் சொச்சம் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வருமில்லையா? அவர்களுக்கும் வந்தது. 1946-ல் அதை வெளியிட்டார்கள். உலகம் பூராவும் இருக்கிற தொட்டிகள் அந்தக் கணக்குப் பிசகிலிருந்து வந்தவை.

இப்போது உங்கள் ஓவனுக்கு வருகிறேன். ஆற்காடு மக்கன் பேடா கடையில் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை கரைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். பதம் தப்பினால் பாகு பூத்து, உள்ளுக்குள் மணி மணியாகச் சர்க்கரை பிரிந்துவிடும். பாஸ்பரஸ் நிறைய உள்ள பூச்சும் தொட்டியிலிருந்து வரும்போது அந்தக் கண்ணாடிப் பாகுதான். அணுக்களுக்கு வரிசை கிடையாது. 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அது பூக்கும். மூன்று நிக்கலுக்கு ஒரு பாஸ்பரஸ் என்ற கணக்கில் நிக்கல் பாஸ்பைடு மணிகள் உள்ளே பிரியும். பேடாக்காரருக்குப் பூத்தால் நஷ்டம், நமக்கு லாபம். பூச்சின் கடினம் விக்கர்ஸ் கணக்கில் 500, 550-லிருந்து 900-க்கு மேலே போய்விடும். ஹார்டு குரோமுக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஆனால் பூக்கும்போது பூச்சு சுருங்கும். சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதனால் துருவுக்குப் பயந்து கெமிக்கல் நிக்கல் போடுகிறவர் 400 டிகிரி பக்கமே போகக்கூடாது. 10 சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸ் உள்ள பூச்சைச் சூடு காட்டாமல் அப்படியே விடவேண்டும். தேய்மானத்துக்குப் பயப்படுகிறவர்தான் ஓவனுக்குப் போகவேண்டும். இரண்டும் வேண்டும் என்பவரிடம் கடைக்காரர் தலையாட்டினால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று, நானே பட்டது. வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். ஒரு கம்பெனியிலிருந்து நன்றாக ஹார்டன் செய்த சின்னச் சின்ன பின்கள் வந்தன. என்ன ஸ்டீல், எத்தனை டிகிரியில் டெம்பர் செய்தது (ஹார்டன் செய்ததைத் திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்துவதுதான் டெம்பர்) என்று கேட்காமல், வழக்கம்போல 400-ல் ஏற்றிவிட்டேன். அந்த ஸ்டீல் டெம்பர் ஆனதே 200-க்குக் கீழே. வெளியே பூச்சு கல் மாதிரி, உள்ளே ஸ்டீல் தளர்ந்துவிட்டது. முட்டை மாதிரி: ஓடு மட்டும்தான் கெட்டி. முதலாளி அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்படிப்பட்ட ஸ்டீலுக்கு அந்த ஓவனே ஆகாது. ஓரளவு சூடு தாங்குகிற ஜாபாக இருந்தால் 280, 290-ல் பத்து மணி நேரத்துக்கு மேல் மெதுவாகப் பூக்கவிடலாம்.

சில கடைகளில் "பேக்கிங் பண்ணியாச்சு" என்பார்கள். விசாரித்தால் 200 டிகிரி. அது கடினத்துக்கு இல்லை. ஸ்டீலுக்குள் புகுந்த ஹைட்ரஜனை விரட்ட. இல்லையென்றால் ஹார்டு ஸ்டீல் ஒரு நாள் பட்டென்று விரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி ஒரே காசு வாங்குவதைத்தான் நான் ஏமாற்று என்பேன்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு பித்தளைத் துண்டில் பாஸ்பரஸ் அதிகமுள்ள பூச்சைப் போட்டு வாங்குங்கள். காந்தம் ஒட்டாது. 400-ல் வைத்து எடுத்த பிறகு அதே துண்டு காந்தத்தோடு வரும். பாஸ்பரஸ் பாஸ்பைடுக்குள் ஒதுங்கிவிட, மிச்சமுள்ள நிக்கல் தன் பழைய குணத்தைக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கின் அலுமினியத் தட்டின் மேல், தகவல் பதிகிற காந்தப் படலத்துக்கு அடியில், இதே காந்தம் ஒட்டாத பூச்சைத்தான் போடுகிறார்கள். அதனால் அங்கே சூடு காட்டுவதில் ரொம்பக் கறார்.

சார், இருபது வருஷமாக ஃபிரிட்ஜ், ஏசி பார்க்கிறேன். காப்பர் ராடு வைத்து பிரேசிங் போட்ட ஜாயின்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது. கம்ப்ரசர் வாயில் போட்டது மட்டும் ஐந்தாறு மாதத்தில் லீக் ஆகிறது. கை தவறா, ராடு தவறா?
– குடியாத்தம் மெக்கானிக்

கையில் தவறில்லை. ராடிலும் இல்லை. இரண்டும் சேர்ந்த இடம் தவறு.

உங்கள் காப்பர் ராடு வெறும் செம்பு இல்லை. அதில் 5 முதல் 8 சதவீதம் வரை பாஸ்பரஸ் இருக்கும். உள்ளே செம்பும் செம்புப் பாஸ்பைடும் கலந்து கிடக்கும். சுத்தச் செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், இந்தக் கலவை 714-லேயே இளக ஆரம்பித்துவிடும். செம்போடு செம்பு சேர்க்கும்போது கறை நீக்கும் ஃபிளக்ஸே வேண்டாமென்று உங்களுக்குத் தெரியும். காரணம், குழாய் மேலிருக்கும் கறையின் ஆக்சிஜனைப் பாஸ்பரஸே பிடுங்கிக்கொள்கிறது.

அதே பாஸ்பரஸ் இரும்பைப் பார்த்தால் செம்பை மறந்துவிடும். இரும்புப் பரப்பில் போய் உட்கார்ந்து இரும்புப் பாஸ்பைடு என்று ஒரு மெல்லிய ஏடு கட்டும். ஏடு என்றால் பாலாடை இல்லை, கண்ணாடி. ஜாயின்ட் பார்க்கப் பளபளவென்று இருக்கும், பிரஷர் டெஸ்டிலும் நிற்கும். கம்ப்ரசர் ஓடும்போதும் நிற்கும்போதும் உதறுகிறதே, அந்த உதறலில் ஏடு விரிந்து கேஸ் போய்விடும்.

"கம்ப்ரசர் வாயும் செம்புதானே" என்பீர்கள். செம்பு நிறம். பல கம்ப்ரசர்களில் அது இரும்புக் குழாய்க்குச் செம்பு முலாம் போட்டது. டார்ச் கொஞ்சம் அதிகம் பட்டால் முலாம் ராடோடு கரைந்துவிடும். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் காப்பர் ராடைத் தொடாதீர்கள். பாஸ்பரஸ் இல்லாத சில்வர் ராடும் ஃபிளக்ஸும் போடுங்கள், ஆறியதும் ஈரத்துணியால் ஃபிளக்ஸைச் சுத்தமாகத் துடையுங்கள். சில்வர் ராடு விலை நெஞ்சை அடைக்கும், தெரியும். குடியாத்தத்திலிருந்து பேர்ணாம்பட்டுக்கு அதே ஃபிரிட்ஜுக்காக இரண்டு தரம் ஓசியில் போய்வருகிற பெட்ரோலையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: புது ஃபிரிட்ஜில் ஆர் 600ஏ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பற்றி எரிகிற கேஸ். முழுக்க வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் டார்ச்.

ஐயா, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். இரும்புக்குப் பாஸ்பரஸ் எதிரி என்று படித்திருக்கிறேன். எங்கள் காலத்தில் வார்ப்பிரும்பு பிரேக் பிளாக்கில் வேண்டுமென்றே பாஸ்பரஸ் சேர்த்தார்களே?
– அரக்கோணம் வாசகர்

நீங்கள் படித்ததும் சரி, பார்த்ததும் சரி. ஸ்டீலில் பாஸ்பரஸ் ஏறினால் குளிரில் உடையும், அதனால் அங்கே நூறு ரூபாய்க்கு நாலைந்து பைசா என்ற அளவுக்கு மேல் விடமாட்டார்கள். பிரேக் பிளாக் வளையவேண்டியதில்லை. தேயாமல், தீப்பொறி பறக்காமல் இருந்தால் போதும். வார்ப்பிரும்பில் பாஸ்பரஸ் கூடினால் இரும்புப் பாஸ்பைடு வலை மாதிரி ஓடி நிற்கும். அந்த வலைதான் தேய்மானத்தைத் தாங்குகிறது, பொறியையும் குறைக்கிறது.

மாமா, எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கப் பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கல் பாஸ்பைடு போதும் என்று புரபசர் சொன்னார். உங்கள் பிளேட்டிங் பூச்சையே வைத்து புராஜெக்ட் செய்யலாமா?
– வாலாஜாபேட்டை மாணவி

மாமா என்று எழுதிய ஒரே ஆள் நீதான், அதனால் உனக்கு ஒருமையிலேயே பதில்.

உன் புரபசர் சொல்வது மூன்றுக்கு ஒன்று இல்லை, இரண்டு நிக்கலுக்கு ஒரு பாஸ்பரஸ் உள்ள பாஸ்பைடு. உலோகமும் பாஸ்பரஸும் அதேதான், விகிதம் வேறு, குணமும் வேறு. தண்ணீரைப் பிரிக்கும் மின்முனையில் ஹைட்ரஜன் அணு வந்து உட்காரவும் வேண்டும், எழுந்து போகவும் வேண்டும். வெறும் நிக்கல் பிடித்தால் விடாது. வீட்டுக்கு வந்தவரை "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைக்கிற அத்தை மாதிரி. பாஸ்பரஸ் நடுவில் வந்து நிக்கல்களைத் தள்ளி உட்கார வைத்தால் பிடி தளர்கிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பிங் லியூ, ஹோசே ரோட்ரிகஸ் இருவரும் 2005-ல் இதைக் கணக்குப் போட்டே சொன்னார்கள். 2013-ல் பென்சில்வேனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து நானோ துகளாகச் செய்து, அமிலத்திலேயே வேலை செய்வதைக் காட்டினார்கள். நிக்கல் அமிலத்தில் கரைகிற உலோகம் என்பதை நினைத்துப் பார், அதன் அருமை தெரியும்.

ஆக்சிஜன் வரும் முனையில் இந்தக் கதை செல்லாது. அங்கே பாஸ்பைடின் மேற்பரப்பு ஆக்சைடாக, ஹைட்ராக்சைடாக மாறிப்போகும். வேலை செய்வது அந்த மாறிய தோல்தான். "பாஸ்பைடே இரண்டு பக்கமும் செய்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதாதே, வைவாவில் மாட்டிக்கொள்வாய்.

புராஜெக்டுக்கு என் யோசனை: ஸ்டீல் வலையில் கெமிக்கல் நிக்கல் போட்ட துண்டு ஒன்று, சாதாரண நிக்கல் துண்டு ஒன்று. இரண்டையும் ஒரே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து, எத்தனை வோல்ட்டில் குமிழி தொடங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார். புத்தகக் கணக்குக்கு 1.23 வோல்ட் போதும். நிஜத்தில் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்பதுதான் உன் புராஜெக்ட். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் போதும், பாலாற்றுக்காரர்களான நாமே தாங்குவோம். கரண்டுதான் 50 யூனிட்டுக்கு மேல் கேட்கும். வினையூக்கியைத் தேடி அலைவதே அந்த பில்லைக் குறைக்கத்தான்.

ஒரு எச்சரிக்கை. சில பேப்பர்களில் ஹைப்போபாஸ்பைட்டைச் சூடாக்கி, அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயுவால் பாஸ்பைடு செய்வார்கள். அந்த வாயு கொல்லும். புகையை வெளியே இழுக்கிற சரியான ஃபியூம் ஹுட் இல்லாத லேபில் அதைச் செய்யவே கூடாது. புரபசர் வற்புறுத்தினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடு.

எலி மருந்திலும் பாஸ்பைடு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் கெமிக்கல் நிக்கல் போட்ட சாமானும் விஷமா?
– ஆற்காடு வாசகி

இல்லை அம்மா. எலி மருந்துப் பொடியில் இருப்பது துத்தநாகப் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் அது பாஸ்பீனை விட்டுவிடும். விஷம் அந்த வாயு. நிக்கல் பாஸ்பைடு அப்படிச் சுலபமாகப் பிரியாது. பேஸ்ட்டாக வந்தது மஞ்சள் பாஸ்பரஸ், அது வேறு விஷம், அதுவும் கொடியது. பிள்ளைகள் தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் என்று கைவைத்தியம் பார்க்காதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ஷூ கம்பெனிக்கு பக்கிள் சப்ளை செய்கிறேன். நிக்கல் என்று சொல்லி ஒரு லாட்டையே திருப்பிவிட்டார்கள். கெமிக்கல் நிக்கலுக்கு மாறினால் தப்பிக்கலாமா?
– ஆம்பூர் வாசகர்

தப்பிக்க முடியாது. பாஸ்பரஸ் சேர்ந்தாலும் நிக்கல் நிக்கல்தான். தோலில் ரொம்ப நேரம் படுகிற பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். அனுப்பும் முன் நீங்களே பார்க்கலாம்: டைமெத்தில் கிளையாக்சைம் கரைசலையும் அம்மோனியாவையும் பஞ்சில் தொட்டு பக்கிளை அரை நிமிஷம் தேயுங்கள். பஞ்சு ரோஜா நிறமானால் லாட் திரும்பி வரும். லேப் ரிப்போர்ட்டுக்கு இது ஈடாகாது, ஆனால் லாரி வாடகை மிச்சமாகும்.

எங்கள் நிலத்தில் கிணறு வெட்டும்போது கனமான கருப்புக் கல் கிடைத்தது. காந்தம் ஒட்டுகிறது. 2016-ல் நாட்றம்பள்ளி பக்கம் விழுந்ததே, அது மாதிரி விண்கல்லா? அதிலும் பாஸ்பைடு இருக்குமாமே?
– வாணியம்பாடி வாசகர்

நாட்றம்பள்ளியில் "விழுந்தது" என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிப்ரவரியில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் என்று அரசு அறிவித்தது. வெளியான படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள்.

பாஸ்பைடு விஷயம் உண்மை. இரும்பு விண்கல்லில் ஷ்ரைபர்சைட் என்றொரு கனிமம் இருக்கும்: இரும்பும் நிக்கலும் சேர்ந்து மூன்று, பாஸ்பரஸ் ஒன்று. என் ஓவனில் பூத்த அதே கணக்கு! பூமியில் இயற்கையாகக் கிடைப்பது அபூர்வம். கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவு மாதிரி சில இடங்கள்தான். தண்ணீர் பட்டால் இது மெதுவாகப் பாஸ்பரஸை விட்டுக்கொடுக்கும். ஆதி பூமியில் உயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் இப்படியும் வந்திருக்கலாம் என்று ஒரு கட்சி பேசுகிறது. எனக்கு அந்தக் கட்சியைப் பிடிக்கும், பிளேட்டிங்காரன் என்பதால் மட்டும்.

உங்கள் கல்லின் ஒரு மூலையை அரத்தால் ராவுங்கள். உள்ளே பளிச்சென்று உலோகம் தெரியாவிட்டால் அநேகமாகக் காந்தக் கல் அல்லது இரும்புக் கசடு. தெரிந்தால் ஆம்பூர்க்காரருக்குச் சொன்ன அதே பஞ்சு. விண்கல் இரும்பில் நிக்கல் இல்லாமல் இருக்காது. பஞ்சு ரோஜா நிறமானாலும் துள்ளாதீர்கள், உடைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டும் அதே நிறம் காட்டலாம். பிறகுதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதவேண்டும். விண்கற்களைப் பார்த்துப் பத்திரப்படுத்துவது அவர்கள் பொறுப்பு. காவலூருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது நட்சத்திரம் பார்க்கிற இடம்.

எனக்கும் அனுப்பவேண்டாம். போன இதழுக்குப் பிறகு மட்டும் மூன்று கல் பார்சலில் வந்திருக்கிறது. மூன்றையும் ராவிப் பார்த்தேன். மூன்றும் கசடு. ஒன்று இப்போது வாசல் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.